அம்மன் விலாசத்தில் ஓர் ஆட்டுப் பண்ணை

கலா அக்கா கிடாவின் தலையில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினார். கிடா கழுத்திலிருந்து வால் வரைக்கும் சிலிர்த்து உதறியது. அதற்குள் கைப்பேசியில் படம் உறைந்துவிட்டது. ஈப்போ புந்தோங்கிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெண்மணிக்குத் தெரிந்ததெல்லாம் வாயைப் பிளந்தபடி அசையாமல் நின்ற ஒரு கறுப்பு முகம்தான்.

"ஹலோ? சிலுத்துச்சா இல்லியா?"

"சிலுத்துருச்சுக்கா. நல்லாவே சிலுத்துச்சு."

"நான் பாக்கலியே லா. போன வருசம் முனியாண்டிக்கு வாங்குன கிடா மரம் மாதிரி நின்னுச்சு. மத்தியானம் வரைக்கும் தண்ணி ஊத்துனோம். அது சம்மதம் சொல்லாம வெட்ட முடியுமா? சொந்தக்காரவங்க எல்லாம் பசியில என்னத் திட்டுனாங்க. இந்த வாட்டி பாத்துட்டுத்தான் வாங்குவேன்."

"இருங்க, இன்னொரு குவளை ஊத்துறேன்."

ஊற்றினார். கிடா சிலிர்த்தது. படம் உறைந்தது. படத்துக்கு மறுபடி உயிர் வந்தபோது கிடா சொட்டச் சொட்ட நனைந்து புல் மென்றுகொண்டிருந்தது.

"ஏன் இவ்ளோ நனைஞ்சிருக்கு? அங்க மழையா?"

"நாந்தாங்க்கா ஊத்துனேன்."

"சரி சரி, அப்பறம் கூப்புடுறேன்."

அவர் கூப்பிடவில்லை. கலா அக்கா கிடாவைத் துண்டால் துடைத்துவிட்டு, கயிற்றைப் பிடித்துச் சரிவில் இறங்கினார்.

எங்கள் ஆர்டன் தோட்டம் ஈப்போவுக்குப் பக்கத்தில், தஞ்சோங் ரம்புத்தானைத் தாண்டி உள்ளே இருக்கிறது. ரப்பர் மரங்கள் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்து வெகுகாலம் ஆயிற்று. கம்பெனி தோட்டத்தை விற்றபோது, லயத்து வீடுகளையும் பின்னால் இருந்த துண்டு நிலங்களையும் பழைய தொழிலாளர் குடும்பங்களுக்கு விட்டுக்கொடுத்தது. கலாதேவிக்கு அப்பா வழியாக வந்த துண்டு, சரிவுக்குக் கீழே ஒரு பள்ளத்தில் இருந்தது. அதில்தான் பலகையை உயர்த்திப் போட்டு ஆட்டுக் கொட்டகை கட்டியிருந்தார்.

அதற்கு முன் அவர் ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். விடிவதற்குள் தொழிற்சாலை பஸ் வந்து முச்சந்தியில் நிற்கும். கையுறைகளை ஊதிப் பார்த்து ஓட்டை இருப்பதை ஒதுக்குவது வேலை. பக்கத்தில் இருப்பவரோடு பேசக்கூட வாயைத் திறக்க முடியாது என்பார். ஒருநாள் விடுப்பில் இருந்தபோது, சொந்தக்காரர் ஒருவருக்காக ஓர் ஆட்டை விலை பேசி விற்றுக்கொடுத்தார். பேசிப் பேசியே விற்றார். அந்த ருசி விடவில்லை. ஒரு சோடி வாங்கினார். அது மந்தையானதும் தொழிற்சாலைக்கு முழுக்குப் போட்டார்.

கணவர் பெயர் பத்துமலை, லோரி ஓட்டுகிறவர். மனைவி வேலையை விட்டதில் அவருக்குச் சம்மதம் இல்லை. கலா அக்காவே ஒரு கெடு வைத்தார்: "இந்தத் தீபாவளி வரைக்கும் பாரு. யாவாரம் சொந்தக் கால்ல நிக்கலன்னா ஆட்டையெல்லாம் கறிக்கடைத் தவுக்கேகிட்ட நிறுத்துக் குடுத்துட்டு நான் மறுபடியும் பஸ் ஏறிடுறேன்."

சொன்ன சொல்லில் நிற்பவர் என்று பத்துமலைக்கும் தெரியும். ஆகவே கெடுவுக்கு ஒப்புக்கொண்டார்.

இப்போதெல்லாம் ஆடு வாங்குகிறவர்கள் பண்ணைக்கு வருவதில்லை. ஈப்போவில், கோலாலம்பூரில், அடுக்குமாடி வீட்டில் இருந்தபடி கைப்பேசியில் பார்க்கிறார்கள். நடக்கவிட்டுக் காட்டு, பல்லைக் காட்டு, எங்கே படுக்கிறது என்ன தின்கிறது என்று காட்டு என்கிறார்கள். படம் நின்றால், நொண்டியை மறைக்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பள்ளத்தில் சிக்னல் என்பதே கிடையாது. ஒவ்வொரு ஆடாகச் சரிவின் மேல் இழுத்துக்கொண்டு வந்தால் ஏதோ கொஞ்சம் எடுக்கும். முச்சந்தியில் மாரியம்மன் கோயில் வாசலில் நன்றாகவே எடுக்கும். ஆனால் கும்பாபிஷேகத்துக்குப் பிறகு அது சுத்த சைவக் கோயில். அங்கே ஆட்டை நிறுத்தி விலை பேசினால் சும்மா விடுவார்களா?

ஃபைபர் கம்பி முச்சந்தியோடு நின்றிருந்தது. ஒற்றைக் கொட்டகைக்காகச் செம்பனைக்குள் கம்பம் நட எந்தக் கம்பெனியும் தயாராக இல்லை. நட்டால் அந்தச் செலவை நீதான் கொடுக்கவேண்டும் என்றார்கள். அந்த நிலையில்தான், ஊர்ப்புறச் சிறு வணிகங்களுக்கு அதிவேக இணையம் போட அரசாங்கம் மானியம் தருகிறது என்ற செய்தி வானொலியில் வந்தது. கம்பமும் கேபளும் கடை வாசல்வரை அரசாங்கச் செலவு. முதல் இரண்டு வருடம் மாதக் கட்டணத்திலும் பாதி.

கலா அக்கா தீவனத்தை அப்படியே போட்டுவிட்டு டவுனுக்குப் போய் விண்ணப்பித்தார். மனு ஏற்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்த அன்று, பார்த்தவர்களுக்கெல்லாம் சொன்னார்.

கேபள் உருளையோடு லோரி வந்தது. அது நேராகக் கோயில் வாசலில் போய் நின்றது.

குத்தகைக்காரரிடம் வேலை செய்யும் பவித்ரன் ஏணியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டான்: "அக்கா, மோடம் எங்க வைக்கணும்? ஆபிஸ் ரூமா, மண்டபமா?"

"கொட்டகையில தம்பி."

"எந்தக் கொட்டகை?"

கலா அக்கா செம்பனைக்குள் போகும் மண்பாதையைக் காட்டினார். பவித்ரன் கையில் இருந்த திரையைப் பார்த்தான். பாதையைப் பார்த்தான். மறுபடியும் திரையைப் பார்த்தான்.

"மாரியம்மன் கோயில், ஆர்டன் தோட்டம். இதுதானே உங்க பிஸ்னஸ் அட்ரஸ்?"

"லெட்டர் இங்கதான் வரும். ஆடு இங்க இல்ல."

தோட்டத்து ஆபிஸ் மூடிய காலத்திலிருந்து தபால்காரர் முச்சந்தியைத் தாண்டுவதில்லை. கடிதங்களைக் கோயிலில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். பூசைக்கு வருகிறவர்கள் அவரவர் வீட்டுக்கு எடுத்துக்கொள்வார்கள். அடையாள அட்டை, வங்கி, பள்ளிக்கூடம், லைசன்ஸ் என்று எதற்குக் கேட்டாலும் எங்கள் ஆட்கள் கோயில் விலாசத்தைத்தான் கொடுப்பார்கள். அரசாங்கத்தைப் பொறுத்தவரை பாதித் தோட்டம் அம்மன் வீட்டில் குடியிருந்தது. கலா அக்கா தொழிலைப் பதிவு செய்தபோதும் கை பழக்கத்தில் அதையே எழுதியிருந்தது.

"சிஸ்டத்துக்கு அதெல்லாம் தெரியாதுக்கா. எந்த அட்ரஸோ அந்தக் கதவு வரைக்கும்தான் கேபள். நான் இங்க மாட்டிட்டேன்னா உங்க மானியம் ஹாபிஸ், அதோட தீந்துச்சு."

சத்தம் கேட்டுக் கோயில் தலைவர் சுகுமாரன் வெளியே வந்தார். விசயத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"அம்மனாப் பாத்துக் குடுத்தது கலா! தம்பி, மாட்டுங்க. திருவிழாவ லைவ் போட்டுருவோம். நீயும் வா, வாசல்ல நாற்காலி போட்டுத் தாரேன், உக்காந்து பேசிக்க."

"பேசுறது நான் தலைவரே. காட்ட வேண்டியது ஆடு. ஓட்டிக்கிட்டு வந்துரவா?"

"ஐயையோ, ஆட்ட எதுக்கு இங்க ஓட்டுற!"

அதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். அம்மனுக்கு வந்ததை வேண்டாம் என்கிறாளே என்று ஒருவர் ஆரம்பித்தார். கலா அக்கா ஏணிக்கு முன்னால் போய் நின்றார். அவர் உருவம் சிறியது. ஆனாலும் அவரைத் தள்ளிவிட்டு ஏணியைச் சாத்த யாரும் வரவில்லை.

"அம்மனுக்கு வேணும்னா நீங்க தனியாக் கேளுங்க. இது ஆட்டுக்கு வந்தது."

பவித்ரன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அக்கா, நீங்க கையெழுத்துப் போடலன்னா நான் திரும்பிடணும். மானியத்தோட இந்தக் கட்டம் மாசக் கடைசியோட முடியுது. அப்பறம் எப்ப வருமோ தெரியாது."

"போயிட்டு வாங்க தம்பி. மாசக் கடைசிக்குள்ள நானே உங்களக் கூப்புடுறேன்."

லோரி திரும்பிப் போய்விட்டது. சாயந்தரம் பத்துமலை வேலை முடிந்து வந்ததும் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"ஆட்டுக்கு வைஃபை வேணும்னு கோயில்ல சண்டை போட்டியாமே? ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரி பக்கத்துலதான் இருக்கு. லோரியில ஏத்தி விட்டுரவா?"

"ஏத்து. அங்க லைன் நல்லா இருக்குமாம்."

பத்துமலை சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "இப்ப என்ன செய்யப் போற?" என்று கேட்டார்.

"நாளைக்கு ஈப்போ போறேன்."

ஈப்போ அலுவலகத்தில் மானியப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சிவாஜினி. யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண். கண்ணாடிக்குள்ளிருந்து நிதானமாகப் பார்த்துப் பேசுகிறவர். கலா அக்கா சொன்னதை முழுவதும் கேட்டார்.

"உங்களுக்கெண்டு வேறு விலாசமே இல்லையா அம்மா?"

"நெலத்துப் பத்திரத்துல ஒரு லோட் நம்பர் இருக்கு மேடம். நூத்தி நாப்பத்தி மூணு. அத யாரும் சொல்றதில்ல."

"சொன்னால் போதும். விலாசத்தை மாத்தலாம். ஆனால் ரெண்டு விசயம் வேணும். பழைய விலாசத்தில் உங்கட தொழில் நடக்கேல்ல எண்டு கோயில் நிர்வாகம் கடிதம் தரவேணும். மற்றது, நாங்கள் இடத்தைப் பாக்கவேணும். நேரில வாறதெண்டால் அடுத்த மாதம்தான்."

"அடுத்த மாசம் இந்தக் கட்டம் முடிஞ்சுருமே."

"அதுதான், வீடியோ காலிலயே பாக்கச் சொல்லி அனுமதி இருக்கு. நம்பர், கொட்டகை, அடையாள அட்டையோட நீங்கள், மூண்டும் ஒரே படத்தில் தெரியவேணும்."

கலா அக்கா அவரையே பார்த்தார்.

"வீடியோ போகலன்னுதானே மேடம் லைனே கேக்குறேன்."

சிவாஜினி பேனாவைக் கீழே வைத்தார். இந்த வேலையில் இத்தனை நாள் இருந்தும் இதை யாரும் அவரிடம் கேட்கவில்லை போலிருக்கிறது. பதிவு செய்த படத்தைக் காட்டலாமா என்றால், அடுத்தவர் கடையைப் படம்பிடித்து ஏமாற்றியவர்கள் உண்டு, அதனால் நேரடியாகத்தான் பார்க்கவேண்டும் என்றார்.

"எத்தன தடவ அறுந்தாலும் எடுப்பீங்களா?"

"எடுக்கிறன். வெள்ளிக்கிழமை காலமை முழுக்க உங்களுக்காக இருக்கிறன்."

கடிதம் வாங்குவதுதான் கடினம் என்று எல்லாரும் நினைத்தோம். சுகுமாரன் திருவிழா நேரலைக்கு நல்ல கேமரா எது என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தார். கலா அக்கா போனபோது அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"கமிட்டியில வைக்கணும். கமிட்டி தீபாவளி முடிஞ்சுதான் கூடும்."

"சரி தலைவரே. லைன நீங்களே வச்சுக்குங்க. நான் கையெழுத்துப் போட்டுடுறேன்."

சுகுமாரனுக்கு நம்ப முடியவில்லை. "நெசமாவா?"

"நெசமாத்தான். மானியம் வாங்குன கடையில வாசல்ல போர்டு மாட்டணுமாம், அதுதான் ரூல். பவித்ரன் தம்பி போர்டக் குடுத்துட்டுப் போயிருக்கு. எங்க மாட்டலாம்? கோபுரத்துக்குக் கீழ மாட்டுனா ரோட்டுலேருந்தே தெரியும்."

பையிலிருந்து எடுத்துக் காட்டினார். வெள்ளைத் தகட்டில் மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்திருந்தது: கலா ஆட்டுப் பண்ணை, உயிருடனும் இறைச்சியாகவும் கிடைக்கும். கீழே கோயில் விலாசம்.

சுகுமாரன் இரண்டு தடவை படித்தார்.

"இத... இத அரசாங்கத்துல பதிஞ்சுட்டாங்களா?"

"எப்பவோ பதிஞ்சாச்சு. இத்தன நாளா கவர்மென்ட்டுக்குத் தெரிஞ்சு நம்ம கோயில்லதான் கறி யாவாரம் நடக்குது. ஐயர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க."

அன்றைக்கே கடிதம் கிடைத்தது. கோயில் முத்திரையை ஒரு தடவை குத்தினால் போதாது என்று சுகுமாரன் இரண்டு தடவை குத்தியிருந்தார்.

அடுத்தது படம். பள்ளத்தில் கால் வைத்தால் அழைப்பு அறுந்துவிடும். சரிவின் மேலே நின்றால் கொட்டகையின் கூரைதான் தெரியும். வாசலில் எழுதினால் நம்பர் தெரியாது. கலா அக்கா சரிவில் நின்று வெகுநேரம் கீழே பார்த்தார். பிறகு பத்துமலையிடம் வெள்ளைச் சாயம் வாங்கிவரச் சொன்னார்.

மறுநாள் பத்துமலை துத்தநாகக் கூரை மேல் தவழ்ந்துகொண்டிருந்தார். கீழே ஆடுகள், தலைக்கு மேல் நடக்கும் சத்தத்தில் மிரண்டு கத்தின.

"இன்னும் பெருசா!" என்று சரிவிலிருந்து கலா அக்கா கத்தினார்.

"இதுக்கு மேல பெருசா எழுதுனா ஹெலிகாப்டர் வந்து எறங்கிரும்!"

"எறங்கட்டும், ஆடு வாங்கட்டும். அந்த நாலு பாக்க ஒம்பது மாதிரி இருக்கு, திருத்து!"

"ஃபேக்டரியிலயும் இப்படித்தான் சூப்பர்வைசர வெரட்டுவியா?"

"அங்க வாயத் தொறக்க முடியாது. பேசாம எழுது மச்சான்."

வேலை முடிந்தபோது கூரை முழுக்க 143 என்று நின்றது. செம்பனை ஓலைகளின் பச்சைக்கு நடுவில் அந்த வெள்ளை கண்ணைக் குத்தியது. எங்கள் தோட்டத்தில் ஓர் இடத்துக்கு நம்பர் எழுதிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை காலையில் கோயில் முச்சந்தியிலிருந்து கலா அக்கா அழைத்தார். அங்கே படம் சுத்தமாக இருந்தது. "இதுதான் மேடம் பழைய அட்ரஸ்" என்று காட்டிவிட்டு நடக்க ஆரம்பித்தார். மண்பாதையில் திரும்பியதும் அறுந்தது. மறுபடியும் அழைத்தார். சிவாஜினி எடுத்தார். கம்பம் நட வேண்டிய இடங்களைக் காட்டிக்கொண்டே நடந்தார். அறுந்தது. அழைத்தார். ரப்பர் உலர்த்திய பழைய புகைக்கூண்டு வீட்டுக்கு அருகில் குரல் மட்டும் வந்தது, படம் வரவில்லை. சில எட்டுகள் பின்னால் வந்து, படம் வந்ததும் அங்கேயே நின்று நிதானமாகக் காட்டிவிட்டு, மறுபடி முன்னால் போனார். இப்படியே, ஒரு துண்டு முடிந்து அடுத்த துண்டு என்று, தோட்டம் முழுவதையும் ஈப்போவுக்கு அனுப்பினார்.

சரிவின் மேலே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. முகத்துக்குப் பக்கத்தில் அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டார். பின்னால் கீழே கூரை.

"தெரியுதா மேடம்?"

வட்டம் சுற்றியது. அறுந்தது. அழைத்தார். சுற்றியது. அறுந்தது. பத்துமலை கடிகாரத்தைப் பார்த்தார். அவர் அரைநாள் விடுப்புச் சொல்லி வந்திருந்தார்.

"வேற நாள் பாக்கலாமா?"

"அவுங்க காலையில பூரா இருப்பேன்னு சொன்னாங்க. காலை இன்னும் முடியல."

மறுபடியும் அழைத்தார். ஆள்காட்டி விரலின் வேர்வை பட்டுத் திரை வழுக்கியது. விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு அழுத்தினார். மேகம் ஒன்று நகர்ந்ததா, யாரோ தூரத்தில் கைப்பேசியை அணைத்தார்களா, எங்களுக்குத் தெரியாது. திடீரென்று அந்தப் பக்கம் சிவாஜினியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"நில்லுங்கோ! அசையாதேயுங்கோ!"

கலா அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நூத்தி நாப்பத்தி மூண்டு. கூரை தெரியுது. அட்டை தெரியுது. எடுத்திட்டன். இனி மூச்சு விடலாம் அம்மா."

பத்துமலை சரிவின் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். கலா அக்கா உட்காரவில்லை. கைப்பேசியைக் காதில் வைத்து, "அப்ப பவித்ரன் தம்பிய எப்ப அனுப்புவீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மாதம் முடிவதற்குள் மாற்றம் பதிவானது. கம்பங்கள் செம்பனைக்குள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. நடுவில் மழை பிடித்து வேலை நின்றபோது கலா அக்கா தினமும் பவித்ரனை அழைத்தார். கடைசியில் அவனே, "அக்கா, மழையில நனைஞ்சாலும் பரவால்ல, உங்க போன் தாங்க முடியல" என்று மழைச்சட்டை போட்டுக்கொண்டு வந்து கேபளை இழுத்தான். கொட்டகைத் தூணில் ஆடு எட்டாத உயரத்தில் பெட்டியை மாட்டினான். பச்சை விளக்கு எரிந்தது.

தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை கலா அக்கா முகநூலில் நேரலைக்கு வந்தார். இரண்டு வருடம் கழித்துக் கட்டணம் முழுசாகிவிடுமே என்று பத்துமலை ஞாபகப்படுத்தியதற்கு, "அதுக்குள்ள நான் முழுசாக் கட்டுற ஆளாயிடுவேன்" என்று தலையை வாரிக்கொண்டே பதில் சொன்னார்.

முதலில் வந்தது ஒரு கூட்டு. அண்ணன், தம்பி, இரண்டு தங்கைகள். ஆளுக்கு ஓர் ஊரில் இருந்தார்கள். நாலு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஆடு வேண்டும். நாலு முகமும் திரையில் வரிசையாகத் தெரிந்தன.

"கொஞ்சம் நடக்க விடுங்கக்கா" என்றார் தம்பி.

கலா அக்கா நடக்கவிட்டார். கிடா கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து, திரும்பி, கேமராவைப் பார்த்து ஒரு முறை கத்தியது. படம் ஓர் இமை நேரமும் நிற்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. முடிச்சிருங்க" என்றார் அண்ணன். "ஈரல் எனக்கு."

"அது எப்பிடிண்ணே? போன வருசமும் நீங்கதான் எடுத்தீங்க" என்று மூத்த தங்கை குறுக்கே வந்தார்.

"நான் மூத்தவன் லா."

"அப்ப தலைய எடுத்துக்குங்க. மூத்தவருக்குத் தலைதான் மரியாத."

"எனக்குக் குடல் வேணாம், யாரும் கழுவமாட்டாங்க இங்க" என்றார் சின்னத் தங்கை. நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒரு வார்த்தைகூட விழாமல் அத்தனையும் கொட்டகைக்குள் கேட்டது.

கலா அக்கா இடுப்பில் கை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு கிடாவின் கழுத்தில் விற்றதற்கு அடையாளமாகச் சிவப்புத் துணியைக் கட்டி, தனியே கொண்டுபோய்க் கட்டினார்.

"சண்ட போடுறவங்க போட்டுக்கிட்டே இருங்க" என்றார் திரையைப் பார்த்து. "நான் அடுத்த ஆட்டக் கொண்டாரேன்."